மஞ்சள் வயருக்கு வாய் இல்லை

“பல்லுப் புடுங்கப் போறன் எண்டு ஊட்ட பொய் செல்லிட்டு வந்திரிக்கன் ராத்தா” என்று சொல்லிக்கொண்டே உள்ளே வந்தாள் அந்தப் பெண்.

“பல்லு டொக்டர் அடுத்த கட்டிடம் தங்கச்சி. இஞ்ச பொய்யத்தான் புடுங்குற” என்றார் கனகரெத்தினம், பத்திரிகையிலிருந்து தலையை எடுக்காமலே.

முஸ்பிறா அவரை முறைத்தாள். இந்த மனுசனுக்கு இடம் தெரியாது, நேரம் தெரியாது. பஸ்ஸில் டிக்கட் கிழித்த காலத்தில் திறந்த வாய், பென்சன் எடுத்த பிறகும் மூடவில்லை. ஆனால் பொத்துவில் தொடக்கம் மட்டக்களப்பு வரைக்கும் அவர் ஏற்றி இறக்காத குடும்பம் கிடையாது. ஆர் ஆருக்கு என்ன முறை, ஆர் ஆரோடு கோபம், எல்லாம் அவருக்கு விரல் நுனியில். அதற்காகத்தான் அவள் அவரைத் தன் துப்பறியும் அலுவலகத்தில் உதவியாளராக வைத்துக்கொண்டு, வாயையும் சேர்த்துப் பொறுத்துக்கொண்டிருந்தாள்.

முஸ்பிறா முன்பு காப்புறுதிக் கம்பனி ஒன்றில் பொய் விபத்துகளைத் துருவிப் பிடிக்கிற வேலை பார்த்தவள். அதற்கும் முன்பு ஒரு ஸ்டூடியோவில் கல்யாண வீடியோ வெட்டி ஒட்டியவள். இப்போது கல்முனை பஸாரில் ஒரு புடவைக் கடையின் மேல்மாடியில் சொந்தமாக ஓர் அறை, ஒரு மேசை, சத்தம் போடுகிற ஒரு மின்விசிறி.

“இரி புள்ள. பேர் என்ன?”

“உம்மு.” அவள் கதிரையின் விளிம்பில் உட்கார்ந்தாள். முப்பது வயதிருக்கும். கையில் ஒரு பென் டிரைவை வைத்து நசுக்கிக்கொண்டிருந்தாள். “ராத்தா, நாளைக்கு லுஹர் தொழுகைக்குப் பிறகு பள்ளிவாசல்ல நான் சத்தியம் பண்ணணும். எண்ட கூடப் பொறந்த ராத்தாக்கு எதிரா. அது மெய்யா பொய்யா எண்டு எனக்கே தெரியா. பயமா இரிக்கி.”

கனகரெத்தினம் பத்திரிகையை மடித்து வைத்தார்.

கதை இதுதான். இந்தக் கரையில் வீடு என்பது பெண் பிள்ளையின் பங்கு. கல்யாணம் முடிந்தால் மாப்பிள்ளைதான் பெண் வீட்டுக்கு வந்து குடியிருப்பான். வீடு இல்லாத பெண்ணைக் கேட்டு ஒருவரும் படியேற மாட்டார்கள். உம்முவின் வாப்பாவுக்கு மூன்று பிள்ளைகள். மூத்தவர் அப்துல் ஸமட், உம்முவுக்குக் காக்கா, அதாவது அண்ணன். அடுத்தவள் ஹாஜறா, அவளுடைய ராத்தா, அக்கா. கடைக்குட்டி உம்மு. ஹாஜறாவின் கல்யாணத்தில், சபைக்கு முன்னால், சின்னவள் உம்முவை மடியில் வைத்துக்கொண்டு வாப்பா வீட்டைப் பற்றிப் பேசினார். கொஞ்ச வருடத்தில் சுனாமியாகக் கடல் வந்தது. வாப்பாவையும் கொண்டுபோனது, காணி உறுதிப் பத்திரம் இருந்த பெட்டியையும் கொண்டுபோனது.

“கடல் வந்த நேரம் எனக்கு எட்டு வயசு” என்றாள் உம்மு. “எனக்கும் ஊடு எண்டு வாப்பா சென்னது இன்னும் காதுக்குள்ள இரிக்கி. முன் ஊடு ராத்தாக்கு, பின் வளவுக் காணி எனக்கு எண்டுதான் செல்லியிருப்பார். ராத்தா அப்பிடிச் செல்லவே இல்ல எண்டு நிக்கிறா. கல்யாண வீடியோ கெசட் அவட மாமிட ஊட்ட சம்மாந்துறையில இரிந்திச்சி. அதால கடலுக்குத் தப்பிட்டு. காக்காதான், ரெண்டு பேரும் உங்கட காதால கேட்டுத் தீருங்க எண்டு, அத வாங்கிக் கொம்பியூட்டர்ல ஏத்தக் குடுத்தார். ஏத்தி வந்த வீடியோவில சத்தம் இல்ல.”

“கெசட் எங்க?”

“சவுண்டுல பூஞ்சணம் புடிச்சிட்டு எண்டு காக்கா எறிஞ்சிட்டார். ராத்தாதான் வேணுமெண்டு ஈரத்தில போட்டு வெச்சி சத்தத்த அழிச்சிட்டுக் குடுத்திருக்கா எண்டு செல்லுறார். அதத்தான் நான் நாளைக்குச் சத்தியம் பண்ணணும். பண்ணினா பள்ளி நிர்வாகம் பின் வளவ எனக்குப் பிரிச்சிக் குடுக்கும். காக்கா பாவம். வாப்பா மௌத்தானதுக்குப் பிறகு என்ன வெச்சிப் பாக்கிறவர் அவர்தான். அவர்ட குசினிக்குப் பின்னால எனக்கு ஒரு அறை இரிக்கி. புள்ளயளுக்கு நான்தான் சமைக்கிற.”

முஸ்பிறா பென் டிரைவைச் செருகினாள். திரையில் ஒரு கல்யாண வீடு விரிந்தது. கலர் கடதாசித் தோரணம், பாய் விரித்த விறாந்தை, தொப்பி போட்ட தலைகள். நடுவில் ஒரு மனிதர் மடியில் குழந்தையோடு உட்கார்ந்து வாய் அசைத்தார். பின்னால் நின்ற இளந்தாரி ஒருவன் கையை உயர்த்தி என்னவோ சொன்னான். எல்லாரும் சிரித்தார்கள். ஒரு சொல் கேட்கவில்லை. உம்மு திரையைத் தொடப் போய்க் கையை இழுத்துக்கொண்டாள்.

முஸ்பிறா ஹெட்போனை மாட்டி, சத்தத்தை முழுதாகக் கூட்டி, கண்ணை மூடிக்கொண்டு கேட்டாள். பிறகு கழற்றி வைத்தாள்.

“பூஞ்சணம் புடிச்ச கெசட்டுக்கும் ஒரு சத்தம் இரிக்கி, ரெத்தினண்ணன். ஸ்ஸ் எண்டு இரையும், கறகற எண்டும். இதுல அதுகூட இல்ல. மறுகா, பூஞ்சணம் சத்தத்த மட்டும் தெரிஞ்செடுத்துத் திண்டு படத்த விட்டு வெக்குமா? படம் பளிச்செண்டு இரிக்கி.”

“அப்ப?”

“சத்தம் கெசட்டுல சாகல்ல. கொம்பியூட்டருக்கு வாற வழியிலதான் ஆரோ நிப்பாட்டியிருக்காங்க.”

“அப்ப ராத்தா இல்லயா?” என்றாள் உம்மு. அவள் குரலில் சந்தோஷமும் பயமும் ஒன்றாக வந்தன.

கனகரெத்தினம் எட்டித் திரையைப் பார்த்தார். “இந்த வீடியோட பேரப் பாத்தியா தங்கச்சி? ஹாஜறா வெடிங், பக்கத்தில ரெண்டு எண்டு போட்டிருக்கு. நான் முப்பது வரியம் டிக்கட் குடுத்தவன். ரெண்டாம் நம்பர் டிக்கட் ஒருத்தன்ட கையில இரிந்தா, ஒண்டாம் நம்பரோட வேற ஒருத்தன் பஸ்ஸுக்குள்ள இரிக்கான்.”

முஸ்பிறாவுக்குச் சிரிப்பு வந்தது. “வாங்க, அவனத் தேடுவம்.”

உம்முவை இருக்கச் சொன்னாள். அவள் கேட்கவில்லை. “நானும் வாறன். எண்ட வாப்பா” என்றாள்.

கெசட்டை ஏற்றிக் கொடுத்த ஸிராஜின் ஸ்டூடியோ கல்முனைக்குடியில், ஒரு புதுக் கட்டிடத்தின் முதலாம் மாடியில் இருந்தது. மேற்கிலிருந்து வந்த கச்சான் காற்று தெருப் புழுதியை அள்ளி ஓட்டோவுக்குள் எறிந்தது. அஸர் தொழுகை முடிந்து ஆட்கள் பள்ளியிலிருந்து கலைந்துகொண்டிருந்த நேரம். முஸ்பிறாவுக்கு மனம் சரியாக இல்லை. காப்புறுதி வேலையில் பொய்யைப் பிடித்தால் கம்பனிக்கு லாபம். இங்கே யார் பொய்யைப் பிடித்தாலும் ஒரு குடும்பத்தில் ஒரு ஆள் குறையப்போகிறது. அது இந்தப் பிள்ளைக்கு விளங்குமா என்று யோசித்துக்கொண்டே படி ஏறினாள்.

ஸிராஜ் இருபத்தைந்து வயது மதிக்கத்தக்க மெலிந்த பொடியன். உம்முவைக் கண்டதும் அவன் முகம் ஒரு மாதிரிப் போனது.

“ஸமட் ஹாஜியார்ட வீடியோவா? அது ராத்தா, எச்.டி.எம்.ஐ. வயரால ஏத்தின. சில நேரம் வழியில சத்தம் தொலைஞ்சி போற.” சொல்லிக்கொண்டே கைபேசியில் என்னவோ தட்டினான்.

“தம்பி ஆருக்கோ தந்தி அடிக்கார்” என்றார் கனகரெத்தினம்.

முஸ்பிறா அவனுடைய கொம்பியூட்டரைத் திருப்பி அதன் முதுகைப் பார்த்தாள். ஓட்டைகளும் வயர்களும் தூசியும். பக்கத்து ராக்கையில் பழைய கெசட் பிளேயர்.

“கடவுளே, எத்தின வாசல்!” என்றார் கனகரெத்தினம்.

“பஸ்ஸப் போலதான் அண்ணன். இந்த எச்.டி.எம்.ஐ. ஓட்டை வீடியோ கார்ட்ல இரிக்கி. இது இறங்குற கதவு. இதால படம் வெளிய திரைக்குத்தான் போகும், உள்ளுக்கு ஏறாது. அடுத்தது, அந்தக் கெசட் பிளேயர் கிழட்டுச் சாமான். அது செய்த காலத்தில எச்.டி.எம்.ஐ. எண்டு ஒரு பேரே இல்ல. இன்னும் ஒண்டு. எச்.டி.எம்.ஐ.யில படமும் சத்தமும் ஒரே வயருக்குள்ள ஒண்டாத்தான் போகும். ஒண்டு தொலைஞ்சி மத்தது பளிச்செண்டு வாறது லேசில நடக்காது.” அவள் ஸிராஜைத் திரும்பிப் பார்த்தாள். “ஒரு பொய்க்குள்ள மூண்டு ஓட்டை, தம்பி.”

ஸிராஜ் கைபேசியை மேசையில் கவிழ்த்து வைத்தான்.

“உள்ளுக்கு ஏத்துற கதவு இது.” கீழே தனியாக இருந்த ஒரு கார்டைத் தொட்டாள். “கெப்சர் கார்ட். இந்த மஞ்சள் ஓட்டையால படம். வெள்ளை, சிவப்பு ரெண்டாலயும் சத்தம். மஞ்சள் வயருக்கு வாய் இல்ல. அத மட்டும் கொழுவினா ஊமைப் படம்தான் வரும். வெள்ளையும் சிவப்பும் கழண்டு ராக்கைக்குப் பின்னால தொங்குது. ஆர் கழட்டின?”

“ஹாஜியார் செல்லித்தான்” என்றான் ஸிராஜ். சொன்ன பிறகு அவனுக்கு மூச்சு வந்தது. “கெட்ட எண்ணத்தில இல்ல ராத்தா. வீடியோ முழுக்க சினிமாப் பாட்டு. அந்தக் காலத்தில அப்பிடித்தானே போடுவாங்க. இப்ப பாட்டு ஹராம், எங்கட ஊட்ட பாட்டுச் சத்தம் வேணாம், படம் மட்டும் ஏத்து எண்டார். இப்பிடிக் கன பேர் கேக்கிற. போன மாசமும் ரெண்டு குடும்பம் கேட்ட. கெசட்ல சத்தம் கெட்டுட்டு எண்டு செல்லச் சொன்னதும் அவர்தான். பாட்டு இரிந்தது வெளிய தெரிஞ்சா வெக்கமாம்.”

உம்முவின் தோள் தளர்ந்தது. “அது மெய்யா இரிக்கும் ராத்தா. காக்கா பாட்டுக் கேக்க மாட்டார். டி.வி.யையே வித்திட்டார்.”

முஸ்பிறாவும் தடுமாறித்தான் போனாள். நம்பக்கூடிய கதை. இந்த ஊரில் அப்படிச் சத்தம் அடக்கி ஏற்றிய கல்யாண வீடியோக்கள் எத்தனையோ வீட்டில் இருக்கின்றன. வேண்டுமென்று செய்த குற்றம் இல்லை, மார்க்கத்துக்குப் பயந்து செய்த பிழை. அதோடு வாப்பாவின் குரலும் போய்விட்டது. இதைச் சொல்லிப் பிள்ளையை வீட்டுக்கு அனுப்பலாம். நாளைச் சத்தியத்தையாவது நிறுத்தலாம்.

கனகரெத்தினம் தொண்டையைச் செருமினார். “ஒண்டாம் நம்பர் டிக்கட் இன்னும் இறங்கல்ல, தங்கச்சி.”

“ஸிராஜ், முதலாவது வீடியோ எங்க?”

“அது… பிழைச்சுப் போச்சு. அழிச்சிட்டன்.”

“நானும் இந்தத் தொழில் செஞ்சவள். வாடிக்கையாளர் திரும்பி வந்து சண்டை பிடிப்பான் எண்ட பயத்தில ஸ்டூடியோக்காரன் ஒண்டையும் அழிக்க மாட்டான்.”

“இந்தக் கட்டிடம் ஹாஜியார்ட, ராத்தா” என்றான் அவன் மெதுவாக. “என்னக் கிளப்பிட்டா நான் எங்க போற?”

“நாளைக்கு லுஹருக்குப் பிறகு அல்லாஹ்ட ஊட்டுக்குள்ள நிண்டு இந்தப் புள்ள, எண்ட ராத்தா சத்தத்த அழிச்சா எண்டு செல்லப் போகுது. அது பொய் எண்டு தெரிஞ்ச ஆள் இந்த ஊர்ல ரெண்டே பேர். ஒண்டு நீ. அந்தப் பாவத்த ஆர்ட கணக்குல எழுதுற?”

ஸிராஜ் உம்முவைப் பார்த்தான். அவள் அழவில்லை, கெஞ்சவுமில்லை. அவன் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றாள். அவன் கதிரையை இழுத்து உட்கார்ந்து கொம்பியூட்டரில் ஒரு கோப்பைத் திறந்தான்.

திரையில் அதே கல்யாண வீடு, ஆனால் கறுப்பு வெள்ளையில். கூடவே ஒரு பழைய பாட்டு அறையை நிறைத்தது.

“முதல் நாள் படத்த இந்த வட்ட ஓட்டையால குடுத்திட்டன். எஸ்-வீடியோ. மஞ்சள் வயருக்கு ஒரு சின்னக் கொன்வேட்டர் போட்டுக் கொழுவின. கலர் வரல்ல. சத்தம் வெள்ளை சிவப்பால ஒழுங்கா வந்திச்சி. ஹாஜியார் பக்கத்திலதான் இரிந்த. கெசட் ஓடுற நேரம் முழுக்க ஏத்துறதும் ஓடும்தானே, குறுக்கு வழி இல்ல. திடீரெண்டு எழும்பி, கலர் இல்லாத படம் எனக்கு வேணாம், நிப்பாட்டு, இத அழிச்சிட்டு நாளைக்குச் சத்தம் இல்லாமப் புதுசா ஏத்து எண்டார்.”

“திடீரெண்டு எண்டா எப்ப?”

“பாதியில.”

முஸ்பிறா படத்துக்குக் கீழே ஓடிய நேரக் கோட்டில் விரலை வைத்துப் பார்த்தாள். பாட்டு, பிறகு பாட்டு, அதற்கும் பிறகு பாட்டு. மருதாணிக்குப் பாட்டு, மாப்பிள்ளை ஊர்வலத்துக்குப் பாட்டு, சோறு பரிமாறுவதற்குப் பாட்டு.

“ரெத்தினண்ணன், பாட்டு ஹராம் எண்ட மனுசன் எந்தப் பாட்டுல எழும்பியிருக்கணும்?”

“முதல் பாட்டுல.”

“கலர் இல்லாத படம் புடிக்காத மனுசன்?”

“அதுக்கும் முதல்.”

“இவர் எல்லாப் பாட்டையும் இரிந்து கேட்டிருக்கார். எல்லாக் கறுப்பு வெள்ளையையும் இரிந்து பாத்திரிக்கார். எழும்பின இடத்தில பாட்டு இல்ல.” அவள் குரல் தணிந்தது. “கடைசித் துண்டப் போடு, ஸிராஜ்.”

படிக்கட்டில் ஆள் ஏறிவரும் சத்தம் கேட்டது. ஸிராஜின் கை நின்றது. “ஹாஜியார். நான்தான் மெசேஜ் போட்டன்” என்றான்.

“போடு.”

அப்துல் ஸமட் வாசலுக்கு வந்தபோது, இருபது வருடத்துக்கு மேலாக உம்மு கேட்காத ஒரு குரல் அறைக்குள் பேசத் தொடங்கியிருந்தது.

“பிஸ்மில்லாஹ். சபையோர் எல்லாரும் கேட்டுக்கங்க. இந்த ஊடும் வளவும், முன்னுக்கும் பின்னுக்கும், எண்ட மூத்த மக ஹாஜறாக்கு. நான் மனம் பொருந்திக் குடுக்கன்.”

உம்மு இரண்டு கையாலும் வாயைப் பொத்தினாள். முதலில் அவள் சொல்லைக் கேட்கவில்லை, குரலைத்தான் கேட்டாள். அதற்கே அழுகை வந்துவிட்டது. சொல் பிறகுதான் உள்ளே போனது. முன்னுக்கும் பின்னுக்கும். முஸ்பிறாவுக்கு அவளைப் பார்க்க முடியவில்லை. தேடிக் கொடுத்தது இதுதானா என்று தன்மேலேயே கோபம் வந்தது.

திரையில் யாரோ கேட்டார்கள். “அப்ப மடியில இரிக்கிற ராசாத்திக்கு?”

சிரிப்பு. வாப்பா குழந்தையின் தலையில் கை வைத்தார். “இவளுக்கும் ஊடு இரிக்கி. அல்லாஹ் நாடினா நான் கட்டுவன்.”

பின்னால் நின்ற இளந்தாரி கையை உயர்த்தினான். அந்தக் கையில் ஒரு பெருமை இருந்தது. “நீங்க என்னத்துக்கு வாப்பா? உம்முட ஊட்ட நான் கட்டுவன். தங்கச்சிக்கு ஊடு கட்டி முடிக்காம எனக்கெண்டு ஒரு கல்லு வெக்க மாட்டன். சபை சாட்சி!”

“மாஷா அல்லாஹ்” என்றது சபை.

படம் அங்கே அறுந்தது.

வாசலில் நின்ற மனிதருக்குத் தாடி நரைத்திருந்தது. அந்த இளந்தாரியின் குரல் அவருடையது என்பதில் யாருக்கும் சந்தேகம் இல்லை.

“இளந்தாரி வயசு” என்றார் ஸமட், தரையைப் பார்த்துக்கொண்டு. “கல்யாண ஊட்டுச் சந்தோசத்தில எல்லாரும் செல்லுற கதைதான். கடலுக்குப் பிறகு தொழில் இல்ல. பொண்டாட்டி புள்ளை. மறுகா கடை. அப்பிடி அப்பிடியே போயிட்டு.”

“நான் அதுக்குக் கோவிக்கல்ல காக்கா” என்றாள் உம்மு. “எனக்கு அது ஞாவகமே இல்ல. நீங்க செல்லியிருந்தா நான் சிரிச்சிட்டு விட்டிருப்பன். என்னத்துக்கு ராத்தாமேல பழியப் போட்டீங்க?”

“உனக்கு ஒரு ஊடு கிடைக்கட்டும் எண்டுதான். அவட வளவு பெரிசு. பாதிய வெட்டினா அவளுக்கு ஒண்டும் ஆகிராது.”

“நான் பள்ளியில பொய்ச் சத்தியம் பண்ணியிருப்பன்.”

ஸமட் தொப்பியைக் கழற்றினார். நெற்றியைத் துடைத்தார். முஸ்பிறாவின் பக்கம் திரும்பினார். “தங்கச்சி, இது எங்கட ஊட்டுப் பிரச்சினை. நீங்க இதோட விடுங்க. அந்த வீடியோவ அழிச்சிட்டா எல்லாருக்கும் நல்லம்.”

“ஒரு பிரதி எண்ட கைக்கு வந்திட்டு, ஹாஜியார்” என்றாள் முஸ்பிறா. அவளுடைய பென் டிரைவ் ஏற்கெனவே கொம்பியூட்டரில் கண் சிமிட்டிக்கொண்டிருந்தது. “நாளைக்கு சபை கேக்கட்டும். ஒருக்கா சாட்சி நிண்ட சபைதானே.”

அவர் முகம் கறுத்தது. பிறகு குரலை மாற்றினார், பாசமாக.

“வா உம்மு. ஊட்ட போவம். புள்ளயள் பசியோட இரிக்கும்.”

உம்மு நகரவில்லை.

“எந்த ஊட்ட, காக்கா?” என்றாள்.

கேலியாகக் கேட்கவில்லை. உண்மையாகவே தெரியாமல் கேட்டாள். அதுதான் முஸ்பிறாவுக்குத் தாங்க முடியாமல் இருந்தது. ஹாஜறாவின் வீடு ஹாஜறாவுடையது, காக்காவின் வீடு காக்காவுடையது. நடுவில் இந்தப் பிள்ளை சத்தமில்லாத தன் பென் டிரைவோடு நின்றது.

உம்மு கைப்பையைத் திறந்து கைபேசியை எடுத்தாள். ஒரு நம்பரைத் தேடி அழுத்தினாள். நீண்ட நேரம் மணி போனது. மற்றப் பக்கம் எடுத்தார்கள். மூச்சு மட்டும் கேட்டது.

“ராத்தா, வெச்சிராதீங்க. நான் உம்மு. நீங்க என்னோட கதைக்க வேணாம். கேளுங்க, அது போதும்.”

கைபேசியை ஸ்பீக்கர் பெட்டிக்குப் பக்கத்தில் கொண்டுபோய்ப் பிடித்தாள்.

“தம்பி, வாப்பாவ இன்னொருக்காப் போடுங்க.”

ஸிராஜ் ஹாஜியாரின் முகத்தைப் பார்த்தான். பிறகு மௌஸைப் பிடித்தான்.

“பிஸ்மில்லாஹ்” என்றார் வாப்பா. கைபேசிக்குள் இருந்து ஒரு பெண் கதறி அழும் சத்தம் வந்தது.